ஊர்ப் பெயர் இல்லாத சிலை

1951இல் தஞ்சாவூரை ஒட்டிய கரந்தையில் இருந்த பிரம்மன் சிற்பம் ஒன்றை எடுத்துச்செல்லக் கல்கத்தாவிலிருந்து ஒரு கலை ஆர்வலர் வந்தார். அரசின் அனுமதியோடுதான் வந்திருந்தார். ஆனால் ஊர்மக்கள் சிற்பத்தை விடவில்லை. விஷயம் மாவட்ட ஆட்சியர் டி.கே. பழனியப்பனிடம் போனது. இப்படிப்பட்ட சிற்பங்கள் மாவட்டத்தை விட்டுப் போகாமலிருக்க மாவட்டத்திலேயே அவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். வயல்வெளிகளிலும் இடிந்த கோயில்களிலும் கிடந்த சிற்பங்கள் ஒவ்வொன்றாக அரண்மனை வளாகத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று நாம் சீட்டு வாங்கிக்கொண்டு நுழைகிற தஞ்சைக் கலைக்கூடம் தொடங்கிய கதை இதுதான்.

உள்ளூர் அருங்காட்சியகம் எதற்கு என்ற கேள்விக்கு இந்த நிகழ்ச்சியில் பாதி விடை இருக்கிறது. ஒரு மண்ணில் விளைந்த பொருள் அந்த மண்ணின் மக்கள் நடந்துபோய்ப் பார்க்கும் தொலைவில் இருக்க வேண்டும். மீதிப் பாதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பொருள் எந்த ஊரில், எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதும் அதோடு கூடவே வந்து சேர வேண்டும். கட்டடத்தையும் ஒளிவிளக்கையும் கண்ணாடிப் பேழையையும் விட, அந்த விவரங்களைத் தாங்கி நிற்கும் பதிவேட்டை வைத்தே ஓர் அருங்காட்சியகத்தை மதிப்பிட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அந்தப் பதிவு என்ன செய்யும் என்பதற்கு அதே கலைக்கூடத்தில் சான்று இருக்கிறது. கால்களைக் குறுக்காக வைத்து, தலைமுடியைத் தலைப்பாகை போல் சுற்றிக்கொண்டு, இப்போது இல்லாத காளையின் மேல் ஒரு கையைச் சாய்த்து நிற்கும் ரிஷபவாகனர் திருமேனியை அங்கே பலர் பார்த்திருப்பார்கள். 1950களின் தொடக்கத்தில் திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து வேறு செப்புத்திருமேனிகளோடு அது வெளிப்பட்டது. திருவெண்காட்டுக் கோயிலின் கல்வெட்டு, முதலாம் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011இல், ரிஷபவாகன தேவரை எழுந்தருளுவித்ததைச் சொல்கிறது. அடுத்த ஆண்டுக் கல்வெட்டில் தேவியின் திருமேனி குறிக்கப்படுகிறது. சிலை இருப்பது தஞ்சையில், கல்வெட்டு இருப்பது திருவெண்காட்டில். இரண்டையும் சேர்த்துவைத்தது, இது இன்ன ஊரில் கிடைத்தது என்று எழுதப்பட்ட ஒரு வரி. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. முகவடிவம், அணிகலன், ஆடை மடிப்பு ஆகியவற்றை ஒப்பிட்டே காலம் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பு ஊன்றி நிற்பதற்கு ஆண்டு உறுதியாகத் தெரிந்த சில சிலைகளாவது வேண்டும். திருவெண்காட்டு ரிஷபவாகனர் அவற்றில் தலையாயது. அந்த ஒரு வரி விடுபட்டிருந்தால் அழகான சிலை ஒன்று நம்மிடம் இருந்திருக்கும். சோழர் படிமக் கலையின் வரலாறு இன்னும் கொஞ்சம் இருளில் இருந்திருக்கும்.

நாணயங்களுக்கும் இது பொருந்தும். 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே மதிப்பு என்று காட்டுவதற்காக வெட்டினார்களா, வேறு காரணமா என்று இன்றும் ஆராய்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் அதே ஆண்டில் இந்தப் புதையலைப் பட்டியலிட்டு வெளியிட்டார். எந்தப் பேரரசன் காசு எத்தனை, எதில் வெட்டு உண்டு, எதில் இல்லை என்ற கணக்கு அந்தக் கட்டுரையில் இருப்பதால்தான் பழந்தமிழக வணிகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கருக்காக்குறிச்சியைத் தவிர்க்காமல் குறிப்பிடுகிறார்கள். கணக்கெடுக்கப்படாமல் உருக்கப்பட்ட புதையல்கள் எத்தனையோ.

இன்று ஒரு பொருள் மண்ணிலிருந்து மாவட்ட அருங்காட்சியகத்துக்கு வந்துசேரும் வழி என்ன? வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, ஏரி தூர்வாரும்போதோ சிலையோ பானையோ தட்டுப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலருக்குச் செய்தி போகிறது. அவர் வட்டாட்சியருக்குச் சொல்கிறார். பொருள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ கருவூலத்துக்கோ போய்ப் பாதுகாப்பில் இருக்கிறது. ஆட்சியர் விசாரித்து உரிமை பற்றி முடிவெடுக்கிறார். அருங்காட்சியகத் துறையின் கருத்து கேட்கப்படுகிறது. இவை அனைத்துக்கும் அடிப்படை 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதுவும் புதையலாகக் கிடைத்தால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். அதாவது ஒரு செப்புத்திருமேனியின் விலை செம்பின் விலையோடு கொஞ்சம் கூடுதல். கண்டெடுத்தவர் அதை மறைக்காமல் ஒப்படைக்க இது போதிய ஊக்கம் தராது. நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் இந்தக் கணக்கு மாற்றி எழுதப்பட வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த நீண்ட பயணத்தில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் உதிர்ந்துபோகும் விவரம். முதல் கோப்பில் புல எண் இருக்கிறது, தோண்டிய ஆழம் இருக்கிறது, பக்கத்தில் செங்கல் சுவர் தெரிந்ததாகக் கண்டவர் சொன்னது இருக்கிறது. இரண்டாவது கோப்பில் ஊர்ப் பெயர் மட்டும். சில ஆண்டுகள் கழித்துப் பொருள் காட்சிக்கு வரும்போது வட்டத்தின் பெயரோ மாவட்டத்தின் பெயரோ மிஞ்சுகிறது. நல்ல காப்பாட்சியர் செய்யும் முதல் வேலை இந்த உதிர்வைத் தடுப்பது. பொருள் தன் கைக்கு வரட்டும் என்று அவர் காத்திருப்பதில்லை. செய்தி வந்த அன்றே ஊருக்குப் போகிறார். தோண்டியவரிடம் பேசுகிறார், குழியைப் பார்க்கிறார், சுற்றிக் கிடக்கும் பானை ஓடுகளையும் பொறுக்குகிறார். பெரும்பாலும் சொந்த வண்டியில், சொந்தச் செலவில்.

மாவட்ட அருங்காட்சியகத்தில் வேலை என்றால் என்ன என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டும். 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தொல்லியல், நாணயவியல், மானிடவியல், விலங்கியல், தாவரவியல் என்று பிரிவுக்கு ஒருவர் இருக்கலாம். மாவட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே காப்பாட்சியர்தான். தாவரவியல் படித்துவிட்டு வந்தவர் வட்டெழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். தொல்லியல் படித்தவர் பாடம் செய்த பறவையின் இறகில் பூச்சி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். வந்த பொருளுக்கு வரிசை எண் கொடுத்து, வந்த நாள், வந்த வழி, கிடைத்த இடம், அளவு, எடை, நிலைமை, புகைப்படம் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்த எண்ணைப் பொருளின் மேலும் எழுத வேண்டும். நேரடியாக மையால் எழுதக் கூடாது. பார்வையில் படாத இடத்தில் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று, அதன் மேல் எண், எண்ணின் மேல் மறுபடி ஒரு பூச்சு. தேவையானால் பின்னால் தடமில்லாமல் அழிக்க முடிய வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். அந்த எண் அழிந்த அன்று பொருளுக்கும் பதிவேட்டுக்கும் இடையிலுள்ள ஒரே இணைப்பு அறுந்துபோகிறது.

பிறகு பாதுகாப்பு. மண்ணிலிருந்து வந்த செப்புச் சிலையில் உப்பின் குளோரைடு உள்ளே புகுந்திருக்கும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் அது செம்பைத் தின்னத் தொடங்கும். வெளிர்பச்சை நிறத்தில் மாவு போல் புள்ளிகள் தோன்றும். துறையில் இதை வெண்கல நோய் என்கிறார்கள். தானாக நிற்காத நோய் இது, விட்டால் உள்ளே குழி பறித்துக்கொண்டே போகும். இதற்கு மருந்து தேடிய முன்னோடிகளில் எழும்பூர் அருங்காட்சியகமும் ஒன்று. 1930களில் அங்கே வேதியியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தெடுத்த எஸ். பரமசிவன், சிலையைக் காரக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்திக் குளோரைடை வெளியேற்றும் முறையைத் தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளுக்குப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணச் சாந்தையும் நிறங்களையும் வேதியியல் வழியில் ஆராய்ந்தவரும் அவரே. பிற்காலத்தில் பென்சோட்ரையசோல் போன்ற வேதிப்பொருள்கள் வந்தன. ஆனாலும் முதல் பாதுகாப்பு ஈரத்தைக் கட்டுப்படுத்துவதுதான். கடற்கரை மாவட்டம் ஒன்றில், மின்சாரம் போய்ப்போய் வரும் பழைய கட்டடத்தில், காற்றின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பேழைக்குள் வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் பையை நேரத்துக்கு மாற்றுகிற ஊழியரின் பெயர் எந்த நூலிலும் வராது.

கல்லுக்கு வேறு தொல்லைகள். வெள்ளையடித்த சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, கல்வெட்டின் மேல் பூசிய சிமெண்டு. ஓலைச்சுவடிக்குப் பூச்சியும் நொறுங்கும் தன்மையும். புல்தைலம் தடவி ஓலையை மீண்டும் வளையும்படி செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதும் சரியில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் ஏராளம். மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையிலும் ஊர்க்காவலிலும் இறந்தவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. பல ஊர்களில் அவை இன்றும் வேடியப்பன் என்ற தெய்வமாகக் கும்பிடப்படுகின்றன. பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்களை ஒன்றாகப் பார்க்கலாம். சாலை விரிவாக்கத்திலும் ஏரிக்கரை உடைப்பிலும் சிதைய இருந்த கற்களுக்கு அந்தக் காப்பகம் தேவை. ஆனால் பூசை நடக்கும் கல்லை ஊரிலிருந்து பெயர்த்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஏரிக்கரையில், கிழக்குப் பார்த்து, ஊர் எல்லையில் நிற்பதும் அந்தக் கல்லின் செய்திதான். அங்கே அருங்காட்சியக ஊழியர் செய்ய வேண்டியது படியெடுப்பதும் புகைப்படம் எடுப்பதும், கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊராருக்குப் படித்துச் சொல்வதும். தங்கள் வேடியப்பன் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் மாட்டை மீட்கப் போய் மாண்ட மனிதன் என்று தெரிந்துகொண்ட ஊர் அந்தக் கல்லுக்கு எந்த வேலியையும் விட நல்ல காவல்.

இடத்திலேயே காட்சி என்ற எண்ணம் இந்தியாவுக்குப் புதிதல்ல. சாரநாத்தில் அகழ்ந்தெடுத்தவற்றைச் சாரநாத்திலேயே வைக்கும் அருங்காட்சியகம் 1910இல் முடிந்தது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில். ஆதிச்சநல்லூரின் கதையில் இந்த எண்ணம் வந்துசேர நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. 1876இல் ஜெர்மானியர் ஜாகோர் அங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் சென்னைக்குப் போயின. 1915இல் அவற்றின் பட்டியல் நூலாக வந்தது. 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. 2020ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அருங்காட்சியகம் அமையும் ஐந்து தொல்லியல் இடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில், அகழாய்வுக் குழியின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்த நிலையிலேயே மேலிருந்து பார்க்கும் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் கீழடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இந்த இரு இடங்களுக்கும் மக்கள் திரளாகப் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆதிச்சநல்லூரில் தாழியைக் கிடந்த இடத்தில் பார்ப்பதும், எழும்பூரில் அதே ஊரின் நெற்றிப்பட்டத்தைப் பேழைக்குள் பார்ப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் பரம்பு நிலம் தெரிகிறது, தாமிரபரணி பக்கத்தில் ஓடுகிறது, அடுத்தடுத்து எத்தனை தாழி புதைந்திருக்கிறது என்பது கண்ணுக்குப் புலனாகிறது. பெர்லினுக்குப் போனவையும் சென்னைக்குப் போனவையும் ஒரு கண்காட்சிக்காவது இந்த மண்ணுக்கு வந்து நிற்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

பதிவும் படமும் திருட்டை எதிர்த்து நிற்கும் ஆயுதங்கள் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்லலாம். திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில், இடிந்த கோயில் ஒன்றின் அருகே 1976இல் ஒரு கூலித் தொழிலாளி தோண்டும்போது நடராசர் கிடைத்தார். சிலை கைமாறி லண்டனுக்குப் போய்விட்டது. அதைக் காவல்துறை கைப்பற்ற, வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. பத்தூரில் கிடைத்த மற்றச் செப்புத்திருமேனிகளோடு சிலையின் பாணியும் உலோகமும், ஒட்டியிருந்த மண்ணும் ஒப்பிடப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988இல் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாக வந்தது, 1991இல் மேல்முறையீட்டிலும் உறுதியானது. இடிந்த கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. இரண்டாவது, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர். 2006இல் திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய் எடுத்துச் சேர்த்த கோயில் புகைப்படங்களில் அந்தத் திருமேனியும் இருந்தது. அந்தச் சான்றின் துணையோடு 2014 செப்டம்பரில் சிலை திரும்பி வந்தது.

பத்தூர் வழக்கில் மண்ணும் சாட்சியானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்கிறேன். தோண்டும்போது சிலை கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். பால் ஊற்றிக் கழுவாதீர்கள். கும்பிட வேண்டும் என்ற ஆவல் புரிகிறது. ஆனால் அந்த மண்ணும் களிம்பும் போய்விட்டால் திரும்பி வராது. கல்வெட்டு எழுத்து மங்கலாக இருந்தால் மாவோ சுண்ணமோ தடவித் தேய்க்காதீர்கள். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் கைப்பேசியால் படம் எடுத்தாலே எழுத்துத் துலங்கும்.

பார்வையாளர்களாக நாம் எப்படிப் போகிறோம்? பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயில் விரல் வைக்கச் சொல்லி, ஒரு வாசலில் நுழைத்து மறு வாசலில் வெளியேற்றும் சுற்றுலாவில் ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை. மாவட்ட அருங்காட்சியகங்களில் நான் அடிக்கடி காணும் பெயர்ப்பலகை, விஷ்ணு, கருங்கல், 12ஆம் நூற்றாண்டு என்பதோடு முடிந்துவிடுகிறது. எந்த ஊர் விஷ்ணு, எந்தக் கோயிலில் இருந்தவர், அந்தக் கோயில் என்ன ஆயிற்று என்று பலகை சொல்வதில்லை. இந்த மூன்று கேள்விகளுக்கும் பதிவேட்டில் விடை இருந்தால் அதைப் பலகையில் எழுத ஒரு நாள் போதும். ஆசிரியர்கள் முழு அருங்காட்சியகத்தையும் காட்ட முயல வேண்டாம். ஒரே ஒரு பொருளின் முன் அரைமணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்து, வரையச் சொல்லி, கேள்வி கேட்கச் சொல்லுங்கள். போகும் முன் தொலைபேசியில் பேசி, காப்பாட்சியர் இருக்கும் நேரத்தில் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம்.

அரசுக்கு என் கோரிக்கை இரண்டே. காலியாக இருக்கும் காப்பாட்சியர், பாதுகாப்பு வேதியியலர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்தின் பதிவேட்டையும், படங்களோடும் கிடைத்த ஊர்ப் பெயரோடும், யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி தமிழில் வெளியிட வேண்டும். இது புதிய கட்டடம் கட்டும் செலவில் மிகச் சிறு பங்கில் முடியக்கூடியது.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போங்கள். உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கிருந்து வந்த பொருள் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். இருந்தால், அதைப் பற்றி உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டுபோய்க் காப்பாட்சியரிடம் கொடுங்கள். இப்படிப்பட்ட பொருள்களைக் கண்டெடுத்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய காலம் இது.